புற்றுநோய்ச் செவிலியமும் மகப்பேறு குறித்த வினாவும்

உடன்பிறந்த சுந்தராம்பாள் 1923இல் புற்றுநோயால் இறந்ததே முத்துலட்சுமி ரெட்டியை இந்நோய்க்கெதிரான பணியில் ஈடுபடுத்தியது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. உயிரைக் காப்பதே அன்றைய இலக்கு. பிழைத்தவரின் மகப்பேறு பற்றிய வினா மிகப் பிந்தியே எழுந்தது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இதற்கான வழிகாட்டுதலை 2006இல்தான் வெளியிட்டது. பின்னரே அங்குச் செவிலியர்க்கென ‘என்ரிச்’ என்னும் இணையவழிப் பயிற்சி உருவானது.

செவிலியரை முன்னிறுத்தியதற்குக் காரணம் உண்டு. கீமோதெரபி தொடங்குமுன் முடிவெடுத்தாக வேண்டும். விந்தணுவைச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டைக்கோ ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. அந்த இடைவெளியில் நோயாளியின் அருகிருப்பவர் செவிலியரே.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12இல் திறக்கப்பட்டது. இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை நெறிப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அம்மாதமே நடைமுறைக்கு வந்தது. சட்டமும் கல்லூரியும் ஒருங்கே வந்தன என்பதால் வினா தானாகக் கேட்கப்பட்டுவிடாது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு இரண்டு வாரம் என்பது கூலியிழப்பு. மணமாகாதவளெனில், நோயையே மறைக்க விழையும் குடும்பமும் உடனிருக்கும். அவளிடம் தனித்துப் பேசுவதா, தாயின் முன்னிலையில் பேசுவதா என்பதை மொழிபெயர்த்த பாடத்திட்டம் கற்பிக்காது.