வானவில்லை வழியனுப்பிய கதை

எண்களைக் கணினியில் வண்ணப்படமாக மாற்றினால், பல வருடங்களாக ஒரே மாதிரிப் படம்தான் வந்துகொண்டிருந்தது. குறைந்த எண்ணுக்கு நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், உச்சத்துக்குச் சிவப்பு. மேட்லாப் மென்பொருளில் இந்த வானவில் வரிசைக்கு 'ஜெட்' என்று பெயர். நிறம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஜெட் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மேட்லாப் பாணியைப் பின்பற்றி ஜான் ஹன்டர் பைதான் மொழிக்கு எழுதிய மேட்பிளாட்லிப்பிலும் அதுவே தொடர்ந்தது.

பார்க்க அழகுதான். ஆனால் ஜெட்டில் மிக வெளிச்சமான நிறங்கள் நடுவில் இருக்கின்றன; இரண்டு ஓரமும் இருட்டு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் மிகக் குறைந்த எண்ணும் மிக அதிக எண்ணும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்! எண்கள் சீராக உயரும் இடத்தில் கூட மஞ்சள் பட்டை ஒரு போலி எல்லையைக் காட்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். (பங்குச்சந்தைப் பக்கங்களில் லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு என்பதை யார் முடிவு செய்தார்களோ?)

ஐபிஎம் ஆய்வாளர்கள் ரோகோவிட்ஸும் ட்ரெய்னிஷும் 1998-லேயே எச்சரித்தார்கள். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2011-ல் ஹார்வர்டில் மிஷெல் போர்கின் குழு இதய ரத்தக்குழாய்ப் படங்களை மருத்துவ மாணவர்களிடம் காட்டி, ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னது. வழக்கமான முப்பரிமாண வானவில் படத்தில் அவர்கள் கண்டுபிடித்தது 39 சதவீதம். தட்டையான படமாக மாற்றியதும் 62. வானவில்லையும் எடுத்துவிட்டு வேறு வண்ண வரிசை கொடுத்ததும் 91. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, வெறும் அலங்காரப் பிரச்சினை அல்ல.

2014-ல் மேட்லாப் ஜெட்டைக் கைவிட்டு 'பருலா'வுக்கு மாறியது. அடுத்த வருடமே ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நதானியல் ஸ்மித் இருவரும் சைபை மாநாட்டில் 'விரிடிஸ்' வரிசையை முன்வைத்தார்கள். கரும் ஊதாவில் தொடங்கி நீலப்பச்சை வழியாக மஞ்சளுக்குப் போகும் வரிசை. எண் ஏற ஏற வெளிச்சமும் சீராக ஏறும். அதனால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் ஏறுவரிசை புரியும், நகலெடுத்தாலும் கெடாது. இலவசம் வேறு!

2017 ஜனவரியில் வந்த மேட்பிளாட்லிப் 2.0-ல் ஜெட்டின் நாற்காலியில் விரிடிஸ் அமர்ந்தது. ஜெட்டை அழித்துவிடவில்லை, வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி ஒரு நிமிடம் கூட யோசிக்காதவர்களின் படங்களும் அன்றிலிருந்து மாறத் தொடங்கின.