2006ஆம் ஆண்டின் இரண்டு 'வல்லவன்'கள்



பாட்டு இறுவட்டுகளைப் பற்றி எழுதுவது ஆசிரியருக்கு அழகா எனச் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். 2006இல் என் வகுப்பறைக்குள் நுழைந்த ஓர் இறுவட்டு, நான் செய்யுள் கற்பிக்கும் முறையையே மாற்றிவிட்டது. ஆகவே எழுதத்தான் வேண்டும்.

மேலைநாட்டில் 'மாற்று ராக்' என்றோர் இசைவகை உண்டு. 1991இல் அமெரிக்காவின் நிர்வாணா குழு 'நெவர்மைண்ட்' தொகுப்பை வெளியிட்ட பின் அப்பெயர் உலகெங்கும் பரவியது. தமிழருக்கோ இசை என்றாலே திரையிசை. எனவே திரைக்கு வெளியே பிறக்கும் எதுவும் நமக்கு மாற்றிசைதான். அதில் கிதார் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.

அவ்வாண்டு தீபாவளிக்குச் சிலம்பரசனின் 'வல்லவன்' திரைப்படம் வந்தது. இசை யுவன் சங்கர் ராஜா. அதே ஆண்டில், அதே பெயரில், நம் நாட்டின் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் சொல்லிசைத் தொகுப்பும் வந்தது. புக்கிட் பெருந்துங் பாசார் மாலாமில் இறுவட்டு கேட்டால் கடைக்காரர், "எந்த வல்லவன் சார்?" என்பார். "நம்ம வல்லவன்" என்று மாணவர்கள் பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த 'நம்ம' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன்.

யோகி பி திடீரென முளைத்தவர் அல்லர். பொயெட்டிக் அம்மோ குழுவில் இருந்தபோது, 1998லேயே பல மொழிகளில் சொல்லிசை பாடியவர். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் அவர் முழுமையாகத் தமிழுக்குத் திரும்பியதன் விளைவே 'வல்லவன்'. அதில் பெரும்புகழ் பெற்றது 'மடை திறந்து'. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடித்தளமாக்கி, அதன்மேல் தங்கள் சொற்களை ஏற்றினார்கள். மூலப்பாடல், இசையில் வெல்லத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவு. கோலாலம்பூர் இளைஞர்கள் அக்கனவை எடுத்துக்கொண்டது பொருத்தமே.

பெற்றோர் பலருக்கு இது பிடிக்கவில்லை. ரெப் என்றால் குண்டர் கும்பல் என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் என்று தோட்டம் தோட்டமாக வாழ்ந்தவர்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பின் அதுவும் போய், லயத்தைவிட்டுச் சிதறிய காலம் அது. தோட்டத்தில் பிள்ளையை ஊரே பார்த்துக்கொண்டது. தாமானில் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இங்கே ஆளில்லா வீடுகள் வரிசை வரிசையாக நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நானும் அஞ்சியவன்தான். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பையிலிருந்து அந்த இறுவட்டைப் பறிமுதல் செய்தேன். நான்கடிச் செய்யுளை மனனம் செய்ய இயலாதவன் அவன். ஓய்வு நேரத்தில் 'மடை திறந்து' முழுவதையும், மூச்சுவிடும் இடம்கூடப் பிசகாமல், நண்பர்களுக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நான் கேட்டேன். ஒருமுறை அன்று, நான்கைந்து முறை.

செவியில் முதலில் பட்டது இயைபு. அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவருவதுதான் உலகச் சொல்லிசையின் முதுகெலும்பு. நம் மரபிலோ எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் நிற்கும். இவர்கள் இரண்டையும் கலந்திருந்தார்கள், இலக்கணம் அறிந்தோ அறியாமலோ. மறுநாள் கரும்பலகையில் 'பாடம், மாடம், கூடம்' என்றெழுதி, மேசையைத் தட்டித் தாளம் போட்டு எதுகை கற்பித்தேன். அடுத்த வகுப்பு ஆசிரியர் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த மாணவன் உலகநீதியைத் தாளத்தோடு ஒப்புவிக்க இரண்டு வாரம் ஆனது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அவன் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாண்டில் என் விருப்பத்திற்குரிய இன்னொரு தொகுப்பு 'புதுப்பேட்டை'. திரையிசைதான், ஆயினும் யுவனின் துணிச்சல் அதை மாற்றிசைக்கு அருகில் கொண்டு நிறுத்தியது. நா. முத்துக்குமாரின் வரிகளில் 'ஒரு நாளில்' பாடலை யுவனே பாடினார். கமல்ஹாசனும் ஒரு பாடல் பாடினார். இசையளவில் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பு அதுவே என்பேன். ஆனால் அது குண்டனாக வளரும் சிறுவனின் கதை. பாடலைக் கேட்கத் தந்தேன். படத்தைப் பற்றி வகுப்பில் வாய் திறக்கவில்லை. இன்றும் அந்த முடிவில் எனக்கு முழு நிறைவில்லை. ஜி.வி. பிரகாஷ் குமாரின் முதல் படமான 'வெயில்' ஆண்டிறுதியில் வந்தது. அது இனிமை, அவ்வளவே.

2007இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' மறுவார்ப்பில் யோகி பியின் குரல் ஒலித்தது. நம் குரல் சென்னைக்குப் போய்விட்டது என்று மாணவர்கள் குதித்தார்கள். மலேசியப் பேச்சு வாடை அதில் அப்படியே இருந்தது.

பறிமுதல் செய்த இறுவட்டைக் கேட்டு மாணவனின் தந்தையே ஒருநாள் பள்ளிக்கு வந்தார். பால்வெட்டிக் காய்த்த கை. திட்டுவார் என்று எண்ணினேன். "சார், அந்த மடை திறந்து பாட்டு, நான் தோட்டத்துல ரேடியோல கேட்டது. மவன் அத எப்படிப் பாடுறான்னு எனக்கும் கேட்கணும்" என்றார். கொடுத்தேன். உறையில் ஒரு விரிசல் இருந்தது. அது என் மேசை இழுப்பறையில் நேர்ந்தது.