காட்டுத்தடம் ஏறிய ஹோண்டா

1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப், நகரத் தெருக்களில் சில்லறை வேலைகளுக்காக வடிவமைக்கப்பட்ட 49 சிசி வண்டியாகும். அது மலைப்பாதைக்கு வந்தது பொறியாளர்களின் திட்டத்தால் அன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் ஹோண்டா விற்பனையாளராக இருந்த ஹெர்ப் உல் செய்த எளிய மாற்றத்தால்தான். பின்சக்கரத்தைச் சங்கிலி இழுத்துச் சுழற்றும் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் வேகம் குறைந்து இழுவிசை கூடும் என்பதால், மேடு கண்டு திணற வேண்டிய அச்சிறு எஞ்சின், மண்ணைக் கவ்வும் முரட்டு டயர்களின் துணையோடு வேட்டைக்காரர்களையும் மீன்பிடிப்போரையும் சுமந்து செங்குத்தான தடங்களில் ஏறியது. பெருநகரமான லாஸ் ஏஞ்சலிசை விடப் பாய்சியில் விற்பனை மிகுந்திருந்ததைக் கண்ட அமெரிக்க ஹோண்டா அலுவலர்கள் காரணத்தைத் தேடிச் சென்றதன் விளைவாக, 1961-இல் டிரெயில் 50 ஆலைத் தயாரிப்பாகவே வெளிவந்தது. அதில் சாலைக்குச் சிறியதும் காட்டுக்குப் பெரியதுமாக இரு பின் பற்சக்கரங்கள் இருந்தன; தடம் மாறும்போது வண்டியை நிறுத்தி, கூடுதல் சங்கிலித் துண்டை இணைத்து மாற்ற வேண்டும் என்பது, கை அழுக்காவதைப் பொருட்படுத்தாதவர்களுக்கே ஏற்ற ஏற்பாடு. பின்னர் சிடி90 வகையில், எஞ்சினுக்கு அடியிலுள்ள நெம்புகோலைத் திருப்பினாலே தாழ்கியர் விழும் துணைப் பற்சக்கரப் பெட்டி அந்தத் தொல்லையை நீக்கியது. அதன் வழிவந்த சிடி110, ஆஸ்திரேலியாவில் அஞ்சல்காரர்களின் வண்டியாகப் பல்லாண்டுகள் ஓடியது.