பெட்ரோலுக்கு இரண்டு அளவுகோல்: உலக வர்த்தக அமைப்பின் முதல் தீர்ப்பு

1995 ஜனவரி 1-ம் தேதி இரண்டு விஷயங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில், காற்று மிகவும் கெட்டுப்போயிருந்த ஒன்பது பெருநகரப் பகுதிகளில், பங்குகளில் புதுவகை பெட்ரோலைத்தான் விற்க வேண்டும் என்ற விதி அமலானது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே இரண்டும் மோதிக்கொண்டன. அமெரிக்காவின் பெட்ரோல் விதி எங்கள் சரக்கை மட்டும் ஓரவஞ்சனையாக நடத்துகிறது என்று வெனிசுவேலா புகார் கொடுத்தது. ஏப்ரலில் பிரேசிலும் அதே புகாரோடு வந்தது. உலக வர்த்தக அமைப்பில் தீர்ப்பு வரை போன முதல் வழக்கு இதுதான்.

'சுற்றுச்சூழலா, வியாபாரமா?' என்ற கேள்விக்கு உதாரணமாகத்தான் இந்த வழக்கைப் பலரும் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. சண்டை சுத்தமான காற்றைப் பற்றியது அல்ல. ஒரு கணக்கின் ஆரம்ப இருப்பைப் பற்றியது!

விதி என்ன சொன்னது?

1990-ல் அமெரிக்கா தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியது. அப்போது அதிபராக இருந்தவர் மூத்த புஷ். அந்தத் திருத்தம் பெட்ரோலை இரண்டாகப் பிரித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன் போன்ற ஓசோன் மாசு அதிகமான ஒன்பது பகுதிகளுக்கு, மறுவடிவமைக்கப்பட்ட பெட்ரோல். அதில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, எடையில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று பல நிபந்தனைகள். மற்ற இடங்களுக்கு வழக்கமான பெட்ரோல்.

இங்கே ஒரு ஓட்டை இருந்தது. நகரத்துப் பெட்ரோலிலிருந்து எடுத்த அழுக்கை ஆலைக்காரர் என்ன செய்வார்? கீழே கொட்டமாட்டார். மற்ற ஊர்களுக்குப் போகும் பெட்ரோலில் கலந்துவிடுவார். நகரம் சுத்தமாகும், மற்ற ஊர் நாறும். இதைத் தடுக்க, வழக்கமான பெட்ரோல் 1990-ல் இருந்த நிலையைவிட மோசமாகக்கூடாது என்று சட்டம் சொன்னது. இந்த விதிக்குப் பெயர் 'ஆன்டி-டம்பிங்'. வணிகவியல் மாணவர்கள் குழம்ப வேண்டாம். அடக்க விலைக்குக் கீழே வெளிநாட்டில் சரக்கை இறக்குவதைப் பற்றி நம் புத்தகத்தில் வரும் டம்பிங் வேறு, இது வேறு. இது அழுக்கைக் கொட்டுவதைத் தடுக்கும் விதி.

'1990-ஐவிட மோசமாகக்கூடாது' என்று சொல்வது சுலபம். ஆனால் யாருடைய 1990? எல்லாச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

மூன்று வழி, ஒரு வழி

சட்டத்தை அமலாக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் இருந்தது. இ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1993 டிசம்பரில் இறுதி செய்யப்பட்ட அதன் விதிப்படி, ஒவ்வொரு அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைக்கும் அதன் சொந்த 1990 சராசரிதான் அளவுகோல். அதை நிரூபிக்க மூன்று வழிகள் கொடுக்கப்பட்டன. முதல் வழி, 1990-ல் உற்பத்தி செய்த பெட்ரோலைச் சோதித்த பதிவுகள். அவை இல்லையா? இரண்டாவது வழி, அந்த வருடம் கலந்த மூலப்பொருள்களின் பதிவுகள். அதுவும் இல்லையா? மூன்றாவது வழி, 1990-க்குப் பிறகு எடுத்த சோதனைகளை வைத்து, இடையில் ஆலையில் நடந்த மாற்றங்களைக் கழித்து 1990-ஐக் கணக்கிடுவது.

இறக்குமதியாளருக்கு முதல் வழி மட்டும்தான். பல நாட்டு ஆலைகளிடம் கப்பல் கப்பலாக வாங்கி விற்பவரிடம் 1990-ம் வருடத்துச் சோதனைப் பதிவு முழுதாக எப்படி இருக்கும்? பெரும்பாலும் இருக்காது. அப்படி இல்லாதபோது, சட்டத்திலேயே எழுதியிருந்த பொதுச் சராசரிதான் அவருக்கு அளவுகோல். கோடைகாலப் பெட்ரோலுக்கு அந்தப் பொதுச் சராசரி இது: கந்தகம் பத்து லட்சத்தில் 339 பங்கு, பென்சீன் 1.53 சதவீதம், அரோமாட்டிக் 32 சதவீதம், ஓலிஃபின் 9.2 சதவீதம்.

இந்த அளவுகோல் வழக்கமான பெட்ரோலோடு நிற்கவில்லை. மறுவடிவமைக்கப்பட்ட பெட்ரோலிலும் கந்தகம், ஓலிஃபின் போன்ற சில குணங்களுக்கு முதல் மூன்று வருடங்கள் இதே கணக்குதான்.

ஒரு கற்பனை உதாரணம். டெக்சாஸில் ஒரு ஆலை, வெனிசுவேலாவில் ஒரு ஆலை. இரண்டின் பெட்ரோலிலும் 1990-ல் ஓலிஃபின் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1995-ல் டெக்சாஸ் ஆலை 15-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். வெனிசுவேலா பெட்ரோலை இறக்குபவரோ தன் சராசரியை 9.2-க்குள் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே சரக்கு, ஒரே ஊர்ப் பங்கில் விற்கப்போவது. ஆனால் ஒன்று தேர்ச்சி, இன்னொன்று தோல்வி.

அமெரிக்காவின் நியாயம்

இ.பி.ஏ.வின் காரணங்கள் வெறும் சாக்கு அல்ல. பெட்ரோல் விதி என்பது தாளில் எழுதியதோடு முடிவதில்லை. மறுவடிவமைக்கப்பட்ட பெட்ரோலில் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும், பதிவுகளை ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும், வருடா வருடம் தணிக்கையாளர் வந்து அந்தப் பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். ஆம், பெட்ரோலின் தரத்துக்கும் ஆடிட்டர் உண்டு! உள்நாட்டு ஆலை பொய்க்கணக்கு எழுதினால் அதிகாரி நேரில் போகலாம், வழக்குப் போடலாம், அபராதம் வசூலிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் ஆலையை என்ன செய்வது? அதோடு, கப்பலில் கலந்து வரும் பெட்ரோல் எந்த ஆலையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இன்னொரு பயமும் இருந்தது. வெளிநாட்டு ஆலைகளுக்குச் சொந்த அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால், 1990-ல் அழுக்காக இருந்த ஆலை மட்டும்தான் அதைக் கேட்கும். சுத்தமாக இருந்த ஆலை பேசாமல் பொதுச் சராசரியிலேயே இருந்துவிடும். மொத்தத்தில் காற்று கெடும்.

ஆனாலும் 1994 மே மாதம் இ.பி.ஏ.வே ஒரு சமரசத்தை முன்வைத்தது. வெளிநாட்டு ஆலைகளும் சில நிபந்தனைகளோடு சொந்த அளவுகோலைப் பயன்படுத்தலாம் என்றது. அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்து அதே வருடம் செப்டம்பரில் சட்டமே போட்டது. வழக்கு ஜெனீவாவுக்குப் போனதில் இந்த முடிவுக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு

1996 ஜனவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. உள்நாட்டுச் சரக்கையும் இறக்குமதிச் சரக்கையும் சமமாக நடத்த வேண்டும் என்ற காட் ஒப்பந்தத்தின் 3-வது பிரிவை அமெரிக்கா மீறியிருக்கிறது என்றது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: சுத்தமான காற்று என்பது தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம். ஆனால் அந்த வளத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு 20-வது பிரிவு தரும் விலக்கு இந்த விதிக்குப் பொருந்தாது என்று முடித்தது.

பிப்ரவரியில் அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்புக்கு அதுதான் முதல் வழக்கு. பிலிப்பைன்ஸின் ஃபிளோரென்டினோ ஃபெலிசியானோ தலைமையில் நியூசிலாந்தின் கிறிஸ்டஃபர் பீபி, ஜப்பானின் மிட்சுவோ மட்சுஷிடா ஆகிய மூவர் விசாரித்தார்கள். 1996 ஏப்ரல் 29-ல் தீர்ப்பு வந்தது.

மூவரும் ஒரு முக்கியமான இடத்தில் குழுவைத் திருத்தினார்கள். இந்த விதி காற்றைக் காப்பதோடு சம்பந்தப்பட்டதுதான், அந்த விலக்கின் கீழ் வரக்கூடியதுதான் என்றார்கள். ஆனாலும் அமெரிக்கா தோற்றது. 20-வது பிரிவின் முன்னுரையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: விலக்கைக் காரணம் காட்டி நியாயமில்லாத பாகுபாடு செய்யக்கூடாது. அமெரிக்கா இரண்டு விஷயங்களைச் செய்யத் தவறிவிட்டது என்றது தீர்ப்பு. ஒன்று, ஆலைப் பதிவுகளைச் சரிபார்க்க ஒத்துழைப்புக் கேட்டு வெனிசுவேலா, பிரேசில் அரசுகளிடம் அது போதிய முயற்சி எடுக்கவில்லை. இரண்டு, பொதுச் சராசரியை உடனே சுமத்தினால் உள்நாட்டு ஆலைகளுக்கு எவ்வளவு செலவாகும் என்று யோசித்த அரசு, வெளிநாட்டு ஆலைகளுக்கு ஆகும் செலவை யோசிக்கவே இல்லை.

அமெரிக்காவின் காற்றுச் சட்டத்தை ஜெனீவா ரத்து செய்துவிட்டது என்று சொல்வது இதனால்தான் தவறு. பென்சீன் வரம்பு அப்படியே இருந்தது. அழுக்கைக் கொட்டாதே என்ற விதியும் அப்படியே இருந்தது. மாறவேண்டி வந்தது அளவுகோல் மட்டும்.

அதற்குப் பிறகு

விதியை மாற்ற அமெரிக்காவுக்கு 15 மாதம் அவகாசம். கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, 1997 ஆகஸ்ட் 19-ல், இ.பி.ஏ. புதிய விதியில் கையெழுத்திட்டது. வெளிநாட்டு ஆலை விரும்பினால் சொந்த 1990 அளவுகோலைக் கேட்கலாம். ஆனால் அமெரிக்க அதிகாரிகளை ஆலைக்குள் சோதனைக்கு அனுமதிக்க வேண்டும். கப்பலில் ஏற்றும்போது சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு ஆய்வாளர் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் மறுபடி சோதித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். அபராதத்துக்கு ஈடாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும். அழுக்கு ஆலைகள் மட்டும் வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் பதில் இருந்தது. இறக்குமதிப் பெட்ரோலின் சராசரி தரத்தை இ.பி.ஏ. வருடா வருடம் பார்க்கும், 1990 நிலையைவிட மோசமானால் விதியை இறுக்கும்.

முடியவே முடியாது என்று மூன்று வருடம் சொன்ன சரிபார்ப்பு இதுதான். மாதிரி பாட்டில், மூன்றாம் தரப்பு, பிணைத்தொகை என்று வியாபாரத்தில் காலங்காலமாக இருக்கும் சாதனங்களே போதுமானதாக இருந்தன.

இந்தத் தீர்ப்பின் நிழல் இந்தியா வரை நீண்டது. ஆமைகளைக் காப்பதற்காக அமெரிக்கா போட்ட இறால் இறக்குமதித் தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து தொடுத்த வழக்கில், 1998-ல் மேல்முறையீட்டு அமைப்பு இதே முறையில்தான் யோசித்தது. முதலில் நோக்கம் விலக்குக்குள் வருகிறதா என்று பார், பிறகு அதை அமலாக்கிய விதம் நியாயமா என்று பார். அங்கேயும் நோக்கம் தப்பித்தது, விதம் மாட்டிக்கொண்டது.

தீர்ப்பு சொன்ன மேல்முறையீட்டு அமைப்போ, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், 2019 டிசம்பரில் வழக்கு கேட்கப் போதிய ஆளில்லாமல் முடங்கியது.

பெட்ரோல் விஷயத்தில் 1990 என்ற ஆரம்ப இருப்பும் மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போனது. 2011 முதல் பென்சீனுக்கு 0.62 சதவீதம் என்ற சராசரி வரம்பு வந்தது. 2017 முதல் கந்தகத்துக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு. சிறிய ஆலைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் தரப்பட்டாலும், போய்ச் சேரவேண்டிய எண் உள்ளூர் ஆலைக்கும் இறக்குமதியாளருக்கும் ஒன்றுதான். 339 எங்கே, 10 எங்கே! அளவுகோல் ஒன்றானபோது விதி தளர்ந்துவிடவில்லை, முன்பைவிடப் பல மடங்கு கடுமையானது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தினால் காற்று கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இந்த எண்களே பதில்.