கப்பலில் வந்தவர்களும் விமானத்தில் வரும் நாமும்

ஒவ்வோர் ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் பழைய மாணவிகள் பலர் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் ஊருக்கு வருகிறார்கள். பயணப்பெட்டியில் பாதி உடுப்பு. மீதி மருந்தும் மூக்குக்கண்ணாடியும் கொப்பிகளும். சிலர் தங்கள் தேவாலயக் குழுக்களோடு இரண்டு கிழமை வந்து கற்பித்துவிட்டுப் போகிறார்கள். தூர தேசத்திலிருந்து வந்து கற்பிப்பதும் மருந்து கொடுப்பதும் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், முன்னர் அவ்வாறு வந்தவர்களின் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஐந்து மாதங்களின் பின் கொழும்பை அடைந்தது. அதில் வந்த மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். மதம் பரப்புவதே அவர்களின் முதல் நோக்கம்; பள்ளிக்கூடமும் மருந்தும் அதற்கான வழிகள். இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அவர்களும் மறைக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் கைக்கொண்டே ஆறுமுக நாவலர் சைவத்துக்கு அரண் அமைத்தார். இரு தரப்பின் போட்டியில் நன்மை பெற்றவர்கள் பிள்ளைகள்.

1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கினார். பெண்ணைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. உணவும் உடையும் கொடுத்ததோடு, படிப்பை முடித்தவர்களுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. இன்று கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பின்னர் எங்கள் குடாநாட்டில் எழுந்த பெண்கள் பாடசாலைகள் யாவும், எச்சமயத்தவை ஆயினும், அந்தத் துணிவுக்குக் கடன்பட்டவை.

மருத்துவத்தின் கதை பண்டத்தரிப்பில் தொடங்குகிறது. நியூயோர்க்கில் வைத்தியராக இருந்த ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டளவில் அங்கு வந்து நோயாளரைப் பார்த்தார். 1836இல் சென்னைக்குச் சென்றார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடரே வேலூரில் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கியவர். வேலூருக்கு வைத்தியத்துக்காகப் போகும் எங்கள் ஊரவர்களில் எத்தனை பேர் அந்தக் குடும்பத்தின் பணி பண்டத்தரிப்பில் ஆரம்பமானது என்பதை அறிவர்?

ஸ்கடருக்குப் பின் 1847இல் வந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் இருந்துகொண்டு 60இற்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். 1862இல் இரண்டாம் முறை வந்த பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். மாணவர்களின் துணையோடு ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. தம்மிடம் கற்றவர்கள் ஐரோப்பிய உடை அணிவதையும் அவர் விரும்பவில்லை. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டில் காலமானார். வூஸ்டர் நகரில் உள்ள அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறிக்கப்பட்டுள்ளது.

மருத்துவபீடத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் உடற்கூற்றியல் கற்றபோது, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே அது தமிழில் கற்பிக்கப்பட்டது என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

எனினும் கிறீனின் மாணவர்கள் அனைவரும் ஆண்கள். பிரசவ வைத்தியம் தமிழில் அச்சாகியும், ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்டக் கூசிய தாய்மார் வீட்டிலேயே மடிந்தனர். அந்தக் குறையைத் தீர்க்க மேரி, மார்கிரட் லீச் சகோதரிகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டினர். 1898இல் இனுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் இசபெல்லா கர் அங்கே நீண்டகாலம் பணியாற்றினார். குடாநாட்டில் பல குடும்பங்களின் பாட்டிமார் பிறந்த இடம் அது.

அந்தப் பணிக்கென 1896இல் கனடாவிலிருந்து வந்த இன்னொருவர் டாக்டர் மேரி ஏர்வின். அவர் மணந்தது ஒரு தமிழரை. அதற்காக மிஷன் அவரைத் தன் பணியிலிருந்து விலக்கியது. கடவுள் முன் அனைவரும் சமம் என்று போதிக்க வந்தவர்கள், தங்கள் பெண்ணொருத்தி தமிழ் வீட்டில் மருமகளானதைப் பொறுக்கவில்லை. வரலாறு எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும். மேரி இரட்ணம் நாடு திரும்பவில்லை. கொழும்பில் வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டார். கிராமத்துப் பெண்களுக்காக மகிலா சமித்தியை அமைத்தார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. ஒரு மிஷன் வேண்டாம் என்றவரை ஒரு நாடு ஏற்றுக்கொண்டது.

2004 மார்கழியில் சுனாமி வந்தபோது நாங்கள் இளையவர்கள். வடமராட்சி கிழக்கு மக்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்தோம். சிலவற்றில் எங்களால் வாசிக்க முடியாத மொழி, சில காலாவதியானவை. நல்ல மனதோடு வந்த ஒரு குழுவினர் மொழிபெயர்ப்பாளர் வைத்து வகுப்பு நடத்தி, பத்து நாளில் போய்விட்டனர். எந்தக் கூடாரத்தில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி தவறியது என்று அறிந்திருந்தவர் அந்தப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரே. தன் வீட்டையும் கடலுக்குக் கொடுத்த அவர், கொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்றுதான் கிறீன் ஏன் தமிழில் கற்பித்தார் என்பது எங்களுக்கு விளங்கியது. தான் போன பிறகு நிற்கப் போகிறவர் யார் என்பதே அவருடைய கவலை.

அன்பான சகோதரிகளே, இப்போது தூர தேசத்திலிருந்து வருபவர்கள் நாமே. எங்கள் வருகையை இங்குள்ளவர்கள் மகிழ்வோடு எதிர்பார்க்கிறார்கள், வராமல் விடாதீர்கள். ஆனால் பெட்டி கட்டுமுன், என்ன தேவை என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமோ பாடசாலை அதிபரிடமோ கேட்போம். ஒரே இடத்துக்கு மறுபடியும் மறுபடியும் வருவோம். நூறு நோயாளரைப் பார்ப்பதிலும், இங்கே தங்கி இருக்கப்போகும் ஒரு தாதிக்கோ ஓர் ஆசிரியைக்கோ எங்கள் கைவேலையைப் பழக்கிவிடுவது மேல். தமிழில் பழக்குவோம், சொல் இல்லாத இடத்தில், கிறீனைப்போல் அவர்களிடமே கேட்டுச் சொல் தேடுவோம்.

எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகள் பலர் வெளியே போக வாய்ப்பிருந்தும், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த கொட்டிலிலும் கரும்பலகை மாட்டியவர்கள். எங்கள் கல்லூரியின் நூறு ஆண்டுகளும் அவர்களால் நின்றவை. வந்து போகும் நாம், நின்றவர்களுக்குத் தோள் கொடுப்பதே இந்நூற்றாண்டில் அன்னைக்கு நாம் செலுத்தும் காணிக்கை.