காலநிலைப் பேச்சுவார்த்தையில் கணினியும் இணையமும்

ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் கணினியும் இணையமும் தொடக்க காலம் முதலே உண்டு. 1992-இல் ரியோ மாநாட்டுக்கான ஆயத்தக் கூட்டம் நியூயார்க்கில் நடந்தபோதே, அன்றாடப் பேச்சின் சுருக்கத்தைத் தாளிலும் மின்னணு வலையிலும் தரும் செய்திமடல் பிறந்தது. பின்னாளில் அதற்கு எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் என்று பெயர். மாநாடுகளில் ஒரே வேளையில் பல அறைகளில் வாசகங்கள் மாறும். பெரிய நாடு அறைக்கொரு ஆள் வைக்கும். இரண்டு மூன்று பேரோடு வரும் தீவு நாட்டுக்கு இம்மடல்தான் கண்ணும் காதும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே தொழில்நுட்பத்தின் மெய்யான பயன். பின்வந்த கருவிகளையும் இதைக்கொண்டே எடைபோட வேண்டும்.

2009 கோபன்ஹேகன் மாநாட்டையொட்டி வந்த சி-ரோட்ஸ் என்ற கணினி மாதிரி, நாடுகளின் வாக்குறுதிகளைக் கூட்டினால் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று மடிக்கணினியிலேயே நொடிகளில் காட்டியது. பெரிய ஆய்வுக்கூடங்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்த கணக்கு எவர் மேசைக்கும் வந்தது. அப்படியும் கோபன்ஹேகன் தோற்றதே என்பார்கள். தோற்றது கணக்கால் அல்ல. சில நாடுகள் மட்டும் தயாரித்த வரைவு மாநாட்டின் தொடக்கத்திலேயே கசிந்ததும், இருந்த நம்பிக்கையும் குலைந்தது. இத்தகைய கணக்கின் பலன் 2015-இல் பாரிஸில் தெரிந்தது. வாக்குறுதிகள் நிறைவேறினாலும் 2030-இல் உமிழ்வு 55 ஜிகாடன்னாக இருக்கும், 2 டிகிரி இலக்குக்கு அது பொருந்தாது என்று மாநாட்டின் முடிவு ஆவணமே கவலையோடு பதிந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை வாக்குறுதியை உயர்த்தும் ஏற்பாட்டுக்கு இந்த ஒப்புதல் வலுவூட்டியது.

அப்படியானால் மாநாட்டையே இணையத்துக்கு மாற்றி, விமானப் புகையையும் செலவையும் மிச்சப்படுத்தலாமே என்ற கேள்வி நியாயமானது. கொரோனா காலத்தில் அதுவும் சோதிக்கப்பட்டது. 2021 மே 31 முதல் ஜூன் 17 வரை காலநிலை மாநாட்டின் துணை அமைப்புகள் திரைவழியே கூடின. நேர மண்டலங்களுக்காக அமர்வுகளை மாற்றி மாற்றி வைத்தும், சிலருக்கு நள்ளிரவாகவே அமைந்தது. முறையான முடிவு ஒன்றும் எடுக்கப்படவில்லை. தலைவர்களின் குறிப்புகளே மிஞ்சின. பல ஆண்டுகள் இழுத்த கார்பன் சந்தை விதிகள் அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், நேரில்தான் முடிந்தன. ஆனால் நேர்ச்சந்திப்பும் தானாக நீதி தருவதில்லை. அதே கிளாஸ்கோவில் நிலக்கரியைக் ‘கைவிடுவது’ கடைசி நேரத்தில் ‘குறைப்பது’ என்றானது சில பெரிய நாடுகளின் கூடிப்பேசலில். தீவு நாடுகள் தங்களைக் கேட்கவில்லை என்று அவையிலேயே வருந்தின. பேரத்தை அறையிலும், அதற்கான தகவலை இணையத்திலும் வைப்பதே தக்கது. 2024 இறுதிக்குள் நாடுகள் பாரிஸ் உடன்படிக்கையின்படி தர வேண்டியிருந்த முதல் வெளிப்படைத்தன்மை அறிக்கைகளுக்குப் பொதுவான மின்னணு அட்டவணைகள் வகுக்கப்பட்டது இந்த வழியில்தான். பெரிய நாடுகளின் உமிழ்வுக் கணக்கைத் தீவு நாட்டு அதிகாரியும் தம் ஊரிலிருந்தே வரிவரியாக ஒப்பிட அவை வழி செய்கின்றன.