கவுன்சிலிங்னா என்ன சார்?

2015 ஜூலை. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் நானும் அப்பாவும் பைலைத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் ஊர் பாஷையில் அன்றைக்கு எனக்கு 'கவுன்சிலிங்'. பெரிய திரையில் எந்தக் காலேஜில் எத்தனை சீட் மிச்சம் என்று ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஐந்து நிமிஷத்தில் நாலு வருஷ வாழ்க்கை முடிவாகிவிடும். (2018-லிருந்து அதுவும் ஆன்லைன். இப்போதைய பசங்களுக்கு அந்த ஷாமியானா பந்தல் அனுபவம் எல்லாம் கிடையாது.) கவுன்சிலிங் என்ற சொல்லுக்கு வேறு ஒரு அர்த்தம் இருப்பதே எனக்கு மூன்றாம் வருஷத்தில்தான் தெரிந்தது.

நாலு அரியர், தூக்கமே இல்லாத ராத்திரிகள். மூன்று வாரம் ஹாஸ்டல் ரூமை விட்டே வெளியே வரவில்லை. சாப்பாட்டை ரூம்மேட் எடுத்து வந்து வைப்பான், அது அப்படியே காயும். கடைசியில் அவன்தான் காலேஜ் கவுன்சிலரிடம் இழுத்துப் போனான். கவுன்சிலர் யாரென்றால் கெமிஸ்ட்ரி மேடம்! அவருக்கு அது கூடுதல் டியூட்டி, பாவம். நல்லவர்தான், நான் அழுததைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மறுநாள் காலை டிபார்ட்மெண்ட் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போய்விட்டது.

அப்பா பஸ் பிடித்து வந்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, கீழ்ப்பாக்கம் எல்லாம் வேணாம்டா."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாக மாறியதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1794-ல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் புரசைவாக்கத்தில் பைத்தியக்கார விடுதி ஒன்றை ஆரம்பித்தார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய இடமாக, 145 பேரோடு அரசு அசைலம் வந்தது. 1922-ல் அதன் பெயர் அரசு மனநல மருத்துவமனை, 1978-ல் மனநலக் கழகம். போர்டு மாறிக்கொண்டே இருந்தது, சினிமா காமெடி மட்டும் மாறவில்லை. 1912-ல் வந்த இந்திய லூனசி சட்டம்தான் 1987-ல் மனநலச் சட்டம் போடும்வரை நம் நாட்டுச் சட்டம். அப்பா பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போனது வரைக்கும் சட்டப் புத்தகத்திலேயே 'பைத்தியம்' என்ற சொல்தான் இருந்தது. அப்புறம் அவர் வேறு எப்படிப் பேசுவார்?

கடைசியில் பக்கத்து டவுன் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஐந்து ரூபாய்க்குப் பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டே ஓ.பி. வரிசையில் நின்றோம். அன்றைக்கு ஒரே காலையில் மூன்று பேரைப் பார்த்தேன். மூன்று பேரும் 'டாக்டர்' என்றுதான் நினைத்தேன். இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி ஷிப்டில் சும்மா இருக்கும்போது, இவர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

முதல் அறையில் இருந்தவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். தூக்கம், பசி, எடை எல்லாம் விசாரித்து, தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். மனசு சரியில்லை என்று போனவனுக்கு எதற்குத் தைராய்டு? தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்துபோவானாம். மாத்திரை எழுத இவருக்குத்தான் அதிகாரம். இந்தப் படிப்புக்குப் பெயர் வைத்தவர் யோகான் ரைல் என்ற ஜெர்மன் டாக்டர், வருஷம் 1808. மனசும் மருத்துவத்தில் சேர்த்திதான் என்று சொல்லவே ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது அறையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இங்கே மாத்திரை கிடையாது, பேச்சும் சில டெஸ்டுகளும்தான். இந்தத் தொழில் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவரிடம் ஒரு டீச்சர் 14 வயசுப் பையனைக் கூட்டி வந்தார். பையன் கெட்டிக்காரன், ஆனால் ஸ்பெல்லிங் மட்டும் வரவே வராது. விட்மர் தேடியதில் பையனுக்குக் கண்பார்வைக் கோளாறும் இருந்தது தெரிந்தது. அந்த வருஷமே உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தார். ஆக, இந்தத் துறையின் முதல் கேஸே படிப்பில் திணறிய ஒரு மாணவன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன்!

மூன்றாவது ஆளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான் உள்ளே இருந்தபோது ஒரு அம்மா வராண்டா பெஞ்சில் அப்பாவிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர். 1913-ல் பாஸ்டன் மனநல மருத்துவமனையில் மேரி ஜாரெட் என்ற பெண்மணி சமூகப்பணிப் பிரிவுக்குத் தலைமை ஏற்று வளர்த்தெடுத்த தொழில் அது. நோயாளி ஆஸ்பத்திரியில் குணமானால் போதாது, திரும்பிப் போகிற வீடும் தயாராக வேண்டும் என்பதுதான் அடிப்படை. முதல் உலகப்போரில் மனம் நொறுங்கி வந்த சிப்பாய்களுக்காக 1918-ல் ஸ்மித் கல்லூரியில் இதற்குப் பயிற்சி வகுப்பே தொடங்கினார்கள். என் விஷயத்தில் மாத்திரையை விடப் பெரிய வேலை செய்தது அந்தப் பெஞ்ச் பேச்சுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, கவுன்சிலர் எங்கே வருகிறார்? 1908-ல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் ஆலோசனை நிலையம் திறந்தார். புதிதாகக் குடியேறி, என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற பசங்களுக்கு. உன்னை நீ தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் - அவருடைய வழி இவ்வளவுதான். இதில் தமாஷ் என்னவென்றால், பார்சன்ஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்! 1873-ல் பட்டம் வாங்கினார், அந்த வருஷமே அமெரிக்காவில் பொருளாதார மந்தம். பிறகு வாத்தியார், வக்கீல் என்று வேலை மாறி மாறித்தான் இங்கே வந்து சேர்ந்தார். நிலையம் தொடங்கிய அதே 1908-ல் இறந்தும் போனார், அவர் புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது. அப்படிப் பார்த்தால் கிண்டியில் நடந்ததற்குக் 'கவுன்சிலிங்' என்று பெயர் வைத்தது முழுக்கத் தப்பில்லை. முதல் இரண்டு படியை விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போய்விட்டோம், அவ்வளவுதான் :-)

அந்தச் சொல்லை மனக்கஷ்டத்தின் பக்கம் இழுத்து வந்ததில் பெரிய பங்கு கார்ல் ரோஜர்ஸுக்கு. 1942-ல் ஒஹையோவில் பேராசிரியராக இருந்தபோது எழுதிய புத்தகத்தில், ஒரு முழு சிகிச்சையையும் ஒலிப்பதிவு செய்து, இரண்டு பேர் பேசியதையும் வரிக்கு வரி அச்சடித்தார். மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஊரே படிக்கலாம். வந்தவரை 'நோயாளி' என்று கூப்பிடாமல் 'கிளையண்ட்' என்றார். அட்வைஸ் பண்ணாதே, கேள் என்பது அவர் கட்சி. நம்மூரில் கவுன்சிலர் என்றாலே அட்வைஸ் பண்ணுகிறவர்தான், அது வேறு விஷயம்.

இந்தியாவில் இதற்கெல்லாம் முறையான படிப்பு வந்தது தாமதமாகத்தான். 1946-ல் போர் கமிட்டி சொல்லி, 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் 1974-ல் மைசூர் அரசு மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்கலாம், தப்பில்லை. 2018 மே 29-ல் அமலுக்கு வந்த 2017 மனநலச் சட்டம் 'மனநலத் தொழிலர்' யார் யார் என்று விளக்குகிறது. சித்தாவில் சிறப்பு மருத்துவம் படித்தவர் வரைக்கும் அதில் பெயர் இருக்கிறது. ஆனால் கவுன்சிலர் என்ற பெயரைக் காணோம்! அதனால் அவரிடம் போனால் முதல் கேள்வி நீங்கள் கேட்க வேண்டும்: "என்ன படிச்சிருக்கீங்க? நான் சொல்றதை யார்கிட்டயாவது சொல்வீங்களா?" இரண்டாவது கேள்வியை கெமிஸ்ட்ரி மேடத்திடம் கேட்டிருந்தால் என் மூன்றாம் வருஷம் வேறு மாதிரி போயிருக்கும். அதே சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையையும் தருகிறது. நான் மேடத்திடம் அழுதது அது அமலுக்கு வரச் சில மாதம் முன்பு. நம்ம டைமிங் அப்படி.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரோ, சைக்காலஜிஸ்டோ, சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மாணவர் தற்கொலை வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு அது. எத்தனை இடத்தில் மறுபடியும் கெமிஸ்ட்ரி மேடமே உட்காரப் போகிறாரோ!

காலேஜில் யாரும் இல்லையென்றால் 14416 இருக்கிறது. டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வருகிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நம்பரை அப்போதே அடியுங்கள். சென்னையில் 1986-லிருந்து சிநேகா அமைப்பும் இருக்கிறது.

போன மாசம் சித்தப்பா பையன், இரண்டாம் வருஷம் படிக்கிறவன், பதினைந்து நாளாகக் காலேஜ் போகவில்லை என்று வீட்டில் பேச்சு. சித்தி கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டலாம் என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அப்பா போனை வாங்கிவிட்டார். "டேய், கயிறு கட்டு, வேணாங்கல. ஆனா புதன்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிட்டு வந்துடு. அங்க வராண்டாவுல ஒரு அம்மா இருப்பாங்க, நீயும் அவங்ககிட்ட பேசணும். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."